இருபத்தெட்டாவது டேக்

டேப் பெட்டியின் மேல் பென்சிலால் 'மூன்று டேக்' என்று எழுதியிருந்தது. ஆனால் கணினித் திரையில் ஒலியலை ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலத்துச் சுருளில் அரை மணி நேரத்துக்கு மேல் எதுவும் கொள்ளாது. இருபது வருடமாக இசை வெட்டி ஒட்டும் தலீனுக்கு அது தெரியாததல்ல.

பழைய கப்பல் படம் ஒன்று டிஸ்க்காக வெளிவர இருந்தது. அதில் தனி இசைத் தடம் ஒன்று வைப்பார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் வசனமில்லை, அலையோசையில்லை, துப்பாக்கிச் சத்தமில்லை. படம் ஓடும், இசை மட்டும் கேட்கும். அந்தத் தடத்தை வெள்ளிக்கிழமைக்குள் தயாரித்துக் கொடுக்க வேண்டியவள் தலீன். க்ளெண்டேலில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட்டைத்தான் அவள் வேலை அறையாக்கியிருந்தாள். அக்டோபர் மாதத்து மதியம். மலைப்பக்கமிருந்து வந்த அனல்காற்று தகரக் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துகொண்டிருந்தது.

முதல் மூன்று டேக்கிலும் இருபத்து நான்கு பேர் ஒரே மெட்டை வாசித்தார்கள். மூன்றாவது நடுவில் அறுந்தது. ஏதோ கனமாக விழும் சத்தம், நாற்காலிகள் இழுபடும் சத்தம், ஒரு பெண்ணின் அலறல்.

அதன் பிறகும் டேப் ஓடியது.

நான்காவதில், வாத்தியக் குழுவை நடத்துபவர் தாளம் காட்டும் குச்சி மரத்தாங்கியில் இரண்டு முறை தட்டியது. யாரும் வாசிக்கவில்லை. வயதான ஓர் ஆண்குரல் மூச்சை இழுத்துவிட்டு, "இன்னும் யாரும் வரலையா? சரி, காத்திருக்கலாம்" என்றது.

ஐந்தாவதில் ஓபோ குழல் ஒன்று மட்டும் தன் பகுதியை வாசித்தது. ஆறாவதில் அதனுடன் ஒரு செல்லோ வாத்தியம் சேர்ந்துகொண்டது. ஏழாவதில் மூன்று பேர்.

தலீன் டிஸ்க் தயாரிப்பாளர் வெர்னனைக் கூப்பிட்டாள்.

"வெர்னன், மூணு டேக்னு எழுதியிருக்கு. இங்க இருபத்தேழு இருக்கு."

"கேட்டதுக்கு மேல கிடைச்சா சந்தோஷப்படும்மா! இந்த ஊர்ல எனக்கு ஒருத்தனும் ஒரு காபிகூட எக்ஸ்ட்ரா குடுத்ததில்ல."

"விளையாடாதீங்க. இதுல ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டர் பேசறாரு."

"எந்த டேக்ல?"

"நாலுல."

 வெர்னன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்தக் கண்டக்டர் ஹாலிஸ் பிராண்ட் மூணாவது டேக்லயே மேடையில விழுந்து செத்துட்டாரும்மா. மிச்சத்தை வேற ஆள் வந்து முடிச்சாரு. அது ஒத்திகையா இருக்கும், மேல மேல பதிஞ்சிருக்கும். அன்னிக்கு வாசிச்சவங்கள்ல ஒரே ஒருத்தர்தான் இப்ப உயிரோட இருக்காங்க. ஈடித் லோமேக்ஸ், வயோலா வாசிச்சவங்க. நம்பர் அனுப்பறேன், கேட்டுப் பாரு."

தலீன் உடனே அந்த எண்ணை அழைக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொரு டேக்கிலும் ஒருவர் கூடினார். புதிதாக வருபவர் நாற்காலியில் உட்காரும் கிரீச்சொலி, வில்லில் குங்கிலியம் தேய்க்கும் சரசரப்பு, அப்புறம் இசை. யாரும் யாரையும் வரவேற்கவில்லை. பேசிக்கொள்ளவும் இல்லை. பதினைந்தாவது டேக் வரும்போது அறைக்குள்ளேயே குங்கிலிய வாசனை அடித்தது. அவள் ஆடியோ கம்பிகளை முகர்ந்து பார்த்தாள். எதுவும் கருகவில்லை. வாசனை முதுகுப் பக்கமிருந்து வந்தது.

இருபத்தேழாவதில் இருபத்து மூன்று பேர். மெட்டு நடுவில் ஓர் ஓட்டை. வயோலா தனியாக வாசிக்க வேண்டிய எட்டுத் தாளச் சுற்றுகளுக்கு மற்றவர்கள் வில்லை நிறுத்திக் காத்திருந்தார்கள். அவ்வளவு பேர் மூச்சுவிடாமல் காத்திருக்கும் அமைதி.

"ஈடித் வரட்டும்" என்றது குரல்.

அத்துடன் டேப் முடிந்தது.  எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் மூன்றை மட்டும் அனுப்பிவிடலாம். அழைக்க வேண்டாம். ஆனால் அந்தக் கிழவிக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அழைத்தாள்.

"யாரு?" தெளிவான, மெலிந்த குரல்.

"மிஸஸ் லோமேக்ஸ், என் பேரு தலீன். அந்தக் கப்பல் படத்து டேப்பைக் கேட்டுட்டிருக்கேன்."

"எங்க மூணு டேக்கா?"

"அதுக்கப்புறமும் இருக்குங்க."

கிழவி அவசரப்படவில்லை. "முதல்ல யாரும்மா வாசிக்கறா? ஓபோவா?"

"ஆமா."

"ஜெரால்ட். அந்தக் கிறிஸ்துமஸ்க்குள்ள போய்ட்டான். அடுத்தது செல்லோதானே?"

தலீன் திரையில் ஆறாவது டேக்கைப் பார்த்தாள்.

"எனக்கு இடம் விட்டு வச்சிருக்காங்களா, கண்ணு?"

"நீங்க இப்ப தனியாவா இருக்கீங்க? கூட யாராவது..."

"கதவத் தட்டறாங்க. இரு, பாத்துட்டு வரேன்."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். செருப்புகள் நகர்ந்தன. தாழ்ப்பாள். அதன் பிறகு ஒன்றுமில்லை. தலீன் பெயர் சொல்லிக் கத்தினாள். இரண்டு முறை. மூன்று முறை.

திரையில் ஒலியலை வளரத் தொடங்கியது.

அவள் எதையும் தொட்டிருக்கவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. ஒலிபெருக்கியில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. குங்கிலியம் தேய்த்தார்கள்.

குச்சி இரண்டு முறை தட்டியது.

"எல்லாரும் வந்தாச்சு" என்றார் ஹாலிஸ் பிராண்ட். குரலில் நிம்மதி. "இப்ப மத்த சத்தத்தை எல்லாம் எடுத்துடுங்க."

கதவை அறைந்துகொண்டிருந்த காற்று நின்றது. இல்லை, நிற்கவில்லை. தகரம் இன்னும் ஆடியது. சத்தம்தான் இல்லை. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்கு ஓடினாள். காலடியில் சரளைக்கல் நொறுங்குவது கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஹகோப் குழாயால் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் சத்தமில்லாமல் தகரத்தில் அடித்தது. அவருடைய நாய் தலீனைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"ஹகோப்!"

தொண்டை அதிர்ந்தது. குரல் வரவில்லை.

வேலியைப் பிடித்து உலுக்கினாள். அடிவயிற்றிலிருந்து அலறினாள். பத்தடி தூரத்தில் அவர் முதுகைக் காட்டியபடி காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பட்டப்பகல் வெயிலில், எங்கும் நிறைந்து, இருபத்து நான்கு பேரும் வாசிக்கத் தொடங்கினார்கள்.