இரண்டு கணினி, ஓர் அம்மா

தினமும் காலையில் நாலு இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டு என் பழைய மேசைக் கணினியைத் திறப்பேன். திரையில் பச்சைச் சேலையுடன் அம்மா வருவாள். அடுப்பிலிருந்து திரும்பி, "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்பாள். "சாப்பிட்டேன்மா" என்பேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் பொழுது விடியும்.

இன்று சாப்பிடவில்லை. நாளைக்குக் கல்யாணம். கம்பி இணைப்பு முடியும்வரை பெண், மாப்பிள்ளை இருவர் பல்லிலும் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்பது வழக்கம்.

வான்வலையில் ஏற்றியதெல்லாம் ஊர்ச்சொத்து. யாரும் பார்க்கலாம், திருத்தலாம். அதனால் நெஞ்சுக்கு நெருக்கமானதை வான்வலை எட்டாத பழைய கணினிகளில்தான் வைத்திருக்கிறோம். கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் தங்கள் கணினிகள் இரண்டையும் லேன் கேபிளால் இணைத்து, டிரைவுகளைப் பகிர்ந்துகொள்வார்கள். அதுதான் கம்பி இணைப்பு. அதற்குமுன் உள்ளே இருப்பதைக் காட்டுவது அவ்வளவு மரியாதையில்லை.

கடல் ஊருக்குள் புகுந்தபோது நானும், என்னைக் கட்டப்போகும் பொழிலனும் கைக்குழந்தைகள். வேறு வேறு காப்பகங்களில் வளர்ந்தோம். வெளியே வரும்போது, "உன் குடும்பம் இதுல இருக்கு" என்று ஆளுக்கொரு கணினி தந்தார்கள். எனக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு.

பொழிலன் தன் கணினியைத் தூக்கிவந்து என் அறையில் வைத்தான். கேபிளைச் செருகினோம். 'இதே பெயரில் இன்னொரு கணினி இணைப்பில் உள்ளது' என்று இரண்டும் அடம்பிடித்தன. இரண்டின் பெயரும் 'நம் வீடு'.

"பேர்ப் பொருத்தம் அமோகம்" என்று சிரித்தபடி அவன் தன் கணினியின் பெயரை மாற்றினான்.

அவன் டிரைவைத் திறந்தேன். பச்சைச் சேலை. அடுப்பு. என் அம்மா.

என்னுடையதையே திறந்துவிட்டேன் போல என்று நினைத்தேன். கேபிளைப் பிடுங்கினேன், அந்த டிரைவ் மறைந்தது. செருகினேன், வந்தது. தலை கிறுகிறுத்தது. பசியா, வேறேதாவதா, தெரியவில்லை.

"எப்படா என் ரூமுக்கு வந்து காப்பி எடுத்த?"

"காப்பியா? பூங்கோதை, அது எங்கம்மா."

"எங்கம்மாடா!"

அவன் என் டிரைவையும் திறந்து பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. "அப்ப நாம அண்ணன் தங்கச்சியா?" என்றான் ஈனக்குரலில்.

அதுவும் இல்லை. மரபணுப் பொருத்தம் போன மாதமே பார்த்தாயிற்று. எங்களுக்குள் துளி ரத்த உறவு கிடையாது. அப்படியானால் இவள் யாருக்கு அம்மா? அவனுக்கா, எனக்கா? அல்லது தண்ணீரில் தப்பிய ஒரே ஒரு டிரைவிலிருந்த குடும்பத்தை, காப்பகக்காரர்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் பந்தி வைத்துவிட்டார்களா? ஒரு படத்திலாவது அவள் என் பெயரைச் சொல்லியிருக்கிறாளா என்று யோசித்தேன். எல்லாவற்றிலும் 'கண்ணு'தான். இத்தனை நாள் இது ஏன் எனக்கு உறைக்கவில்லை? யாரைத் திட்டுவதென்றும் விளங்கவில்லை. அழுகையாக வந்தது.

பொழிலன் தன் கணினியின் பக்கம் நகர்ந்தான். பிறகு, "நான் என்னோடதை அழிச்சிடறேன். உனக்கே இருக்கட்டும். கல்யாணத்தை... நீ என்ன சொல்றியோ அதான்" என்றான். எனக்கு இருப்பது போலவே அவனுக்கும் இருப்பது அந்த ஒருத்திதான்.

அவன் கணினியில் அந்தப் படத்தை ஓடவிட்டேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேன்மா" என்றான் பொழிலன், பழக்க தோஷத்தில்.

அந்தக் குரலைக் கேட்டதும் வயிறு எரிந்தது. என் இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்து பதில் சொல்கிறான். வாடிப்போன அவன் முகத்தை ஒருதரம் பார்த்தேன். பிறகு என் கணினியில் அதே படத்தைத் தட்டினேன். அவள் திரும்பி என்னையும் கேட்டாள்.

"இவன் பொய் சொல்றான்மா. காலையிலேருந்து ரெண்டு பேருமே சாப்பிடல" என்றேன்.