பதிவில்லாத சிரிப்பு

எங்கள் வீட்டில் காலை காப்பிக்கு முன்பே சிரித்துவிடுவோம். முதலில் என் மனைவி கமலவேணி உட்காருவாள். கூடத்துச் சுவரில் பழைய தமிழ்ப் படங்களின் நகைச்சுவைக் காட்சிகள் ஓடும். அவள் வயிறு குலுங்கச் சிரிப்பாள். வாசல் நிலையில் பச்சை விளக்கு எரியும். இருட்டும் வரை அவள் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். அடுத்து என் முறை.

சோர்வுக் காலத்தில் ஜனங்கள் மாடிகளிலிருந்து குதித்துக்கொண்டே இருந்ததால் வந்த சட்டம் இது. மனம் தளர்ந்தவரை வெளியே விடக்கூடாது. ஒவ்வொரு கதவிலும் ஒரு மகிழ்மானி. நெஞ்சிலிருந்து வரும் சிரிப்பை அளந்த பிறகே அது பூட்டை விடுவிக்கும். நடிப்பெல்லாம் அதனிடம் எடுபடாது. ஆளுக்கொரு நிகழ்ச்சியை நகைத்துணையாகப் பதிவு செய்ய வேண்டும். அதைப் பார்த்துச் சிரித்தால்தான் கணக்கு. மாற்ற வேண்டுமானால் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். கதவு திறந்தால் தாராளமாகப் போகலாம். இந்த விதியை எழுதிய புண்ணியவான் எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

நானும் அண்ணன் பூவராகனும் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரே தொடரைப் பதிவு செய்தோம். எழுபதுகளில் எடுத்த ஆங்கிலத் தொடர். லண்டனில் ஒரு சலவைக் கடை, சிடுமூஞ்சி முதலாளி, அவரிடம் வேலை பார்க்கும் பாபு என்ற இந்தியர். சித்தப்பா கொண்டுவந்த வீடியோ கேசட்டில், வில்லிவாக்கம் வீட்டில், நாடா தேயத் தேயப் பார்த்தோம். முதலாளி என்ன கேட்டாலும் பாபு தலையை ஆட்டுவார். ஆமாவா இல்லையா என்று புரியாது. முதலாளியும் பதிலுக்கு ஆட்டிக் காட்டுவார். பின்னணியில் பார்வையாளர் கூட்டம் சிரிப்பில் அதிரும். அண்ணன் பாபு மாதிரியே ஆட்டுவான், எனக்குப் புரையேறிவிடும். சாகும்வரை இதற்குச் சிரிப்போம் என்று நம்பித்தான் கையெழுத்துப் போட்டோம்.

இப்போது அது சுவர் அகலத்துக்குத் துல்லியமாக ஓடுகிறது. பாபுவின் கழுத்தில் பழுப்புச் சாயம் முடிகிற கோடு தெரிகிறது. உள்ளே இருப்பவர் ஒரு வெள்ளைக்காரர். சிறுவயதில் இது எங்கள் கண்ணில் படவே இல்லை.

எனக்கும் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. அண்ணனுக்கு அதற்கு முன்பே நின்றுபோனது. மாம்பலத்து அடுக்ககத்தில் தனியாக இருந்தான். மழைக்காலத்திலிருந்தே அவன் கதவு திறக்கவில்லை. ஒருநாள் போனில் பேசினான்.

"லண்டன் ஆபீஸ்ல வேலைக்குச் சேந்த அன்னைக்கு, ஒருத்தன் என்னைப் பாத்துத் தலைய ஆட்டிக் காட்டினான் தாமு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"அதுக்கு இப்ப என்ன?"

"அங்க இருந்த வரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். தீந்துபோச்சு போல."

பிறகு ஒரு காலை, கமலவேணி சிரித்து முடித்து எழுந்த நேரம், அந்த அடுக்ககத்திலிருந்து அழைப்பு வந்தது. அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டான். உடலைக் கீழே இறக்கிவிட்டார்களாம். பிணத்தை மகிழ்மானி தடுப்பதில்லை.

இருவரும் அழுதோம். அண்ணனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. கொள்ளி வைக்க என்னை விட்டால் ஆளில்லை. அதனால் முகத்தைக் கழுவிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அண்ணனுக்குத் தீ வைக்க நான் முதலில் சிரித்தாக வேண்டும்.

"படத்தப் பாக்கறாப்ல பாருங்க, மனசுக்குள்ள வேற எதையாவது நெனைங்க," என்றாள் கமலவேணி. "நான் என்ன படத்துக்கா சிரிக்கிறேன்? நீங்க வாயப் பொளந்துட்டுத் தூங்கறத நெனச்சுக்குவேன்."

நானும் நினைத்துப் பார்த்தேன். பாபு தலையாட்டும்போதெல்லாம், லண்டன் அலுவலகத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் அண்ணன்தான் தெரிந்தான். மதியமும் கடந்தது. அதற்குமேல் உடலை வைத்திருக்க முடியாது என்றார்கள்.

"நான் போறேன்," என்றாள் கமலவேணி. எங்கள் குடும்பத்துப் பெண்கள் யாரும் பிணத்துடன் தெருமுனையைத் தாண்டியதில்லை. நானும் பார்க்கட்டும் என்று போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினாள். கதவு அவளுக்குத் திறந்து, என் முகத்துக்கு நேரே மூடியது.

சுடுகாட்டை நான் கூடத்துச் சுவரில் பார்த்தேன். சடங்கு செய்பவர் தயங்கினார். "பொம்பளைங்க கொள்ளி வைக்கிற வழக்கம் இல்லம்மா. பெரியவரோட தம்பி வரலையா?"

"அவரு வீட்ல உக்காந்து டிவி பாத்துட்டு இருக்காரு," என்றாள் கமலவேணி. "நீங்க வேணா போய் அவரச் சிரிக்க வச்சுக் கூட்டிட்டு வாங்க. பாவம், காலைலேர்ந்து முயற்சி பண்றாரு. அதுவரைக்கும் இந்தப் பானைய நீங்க வச்சுக்குங்க." சொன்னபடியே தண்ணீர்ப் பானையை அவர் தோளில் ஏற்றிவிட்டாள். அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார்.

நான் சிரித்துவிட்டேன். அடிவயிற்றிலிருந்து, கண்ணில் நீர் வழிய, அண்ணன் இருந்திருந்தால் அவனும் சிரித்திருப்பான் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். வாசலைப் பார்த்தேன்.

"தாமோதரன் அவர்களே, உங்கள் சிரிப்பு உண்மையானது," என்றது மகிழ்மானி. "ஆனால் இது பதிவில்லாத சிரிப்பு. கதவைத் திறக்க இயலவில்லை."

கமலவேணி பானையைத் திரும்ப வாங்கித் தோளில் வைத்துச் சுற்றி வந்தபோது சுவரில் சிதையும் சுற்றியது. பிறகு கொள்ளி வைத்தாள். பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்தபடி அண்ணன் எரிவதைப் பார்த்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே ஈரத் தலையுடன் திரும்பி வந்தாள். "நல்லபடியா அனுப்பியாச்சு," என்றாள். "நாளைக்குக் காலைல பால் தெளிக்கணும். அதுக்காவது நீங்க வரணும்."

நான் நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டு, தொடரை முதலிலிருந்து ஓடவிட்டேன். கமலவேணி பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாபு வந்தார். என்றோ செத்துப்போன அந்தக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது.