பாதியில் அறுந்த சங்கொலி

கார்த்திகை மாதத்து முழுமதி கீழ்வானத்து முகில்களை விலக்கிக்கொண்டு எழுந்து, வெள்ளாற்றின் நீர்ப்பரப்பெங்கும் வெள்ளியைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்த அந்த இனிய அந்திவேளையில், அமைச்சர் பெருமான் ஆற்றில் விழுந்தார். அவரைத் தள்ளியவன் பகைவன் அல்லன், அன்பார்ந்த வாசகர்களே! கரைமேல் நின்ற நம் கதாநாயகன் இளநாகன்தான். அதுவும் கையால் அல்ல, மூச்சினால். சரியாகச் சொன்னால், இல்லாத மூச்சினால்.

அந்தப் படையில் சங்கொலி அறாமல் நீண்டால் 'முன்னேறுக' என்று பொருள். நடுவே அறுந்து மறுபடி ஒலித்தால் 'திரும்புக'. மறுநாள் விடியலில் அக்கரைக் கோட்டையைத் தாக்குவதற்கு அன்று ஒத்திகை. தலைமுறை தலைமுறையாகப் படைச்சங்கு ஊதும் குடியில் பிறந்த இளநாகன், மார்பை நிமிர்த்தி வலம்புரியை வாயில் வைத்தான். பாதியில் நெஞ்சு வறண்டது, கண் இருண்டது. முழங்காலை ஊன்றி, மூச்சை வாரி எடுத்து, மீதியையும் ஊதித் தொலைத்தான். அவ்வளவுதான்! ஆற்று நடுவே படகுகள் யாவும் ஆணைக்குப் பணிந்து ஒருசேரத் திரும்பி ஒன்றையொன்று முட்டிக்கொள்ள, அமைச்சரின் தலைப்பாகை மட்டும் ஆணையை மீறி அக்கரை நோக்கி மிதந்து சென்றது.

ஆடியில் பாசறையைப் பிடித்த விஷக்காய்ச்சல் இளநாகனை விட்டுப் போய் நெடுநாளாயிற்று. போகும்போது அவன் வலிமையையும் மூட்டை கட்டிக்கொண்டு போனதை யாரும் கவனிக்கவில்லை. உடலில் ஒரு வடுவும் இல்லை, கன்னங்கள்கூடப் பளபளத்தன. ஆனால் குளித்து வந்தால் படுக்க வேண்டும். படுத்து எழுந்தால் மறுபடி படுக்க வேண்டும். இதை எந்த வீரன் எந்த வாயால் சொல்வான்?

"காற்று எதிர்த்து வீசியது, வேறொன்றுமில்லை! நீ சிங்கமல்லவா?" என்று சேனாதிபதி அவன் முதுகில் அறைந்தார். சிங்கம் இருமியது.

"இன்னும் இரண்டே நாள்" என்றார் மருத்துவர், ஆடியிலிருந்து சொல்லிவரும் அதே புன்னகையோடு.

நாளை முன்னணிப் படகுகளில் போகிறவர்கள் அவனுடைய தோழர்கள். அவர்கள் மதிலடியில் இறங்கியபின் சங்கொலி அறுந்தால், மற்றப் படகுகள் திரும்பிவிடும். இறங்கியவர்கள் திரும்பவே மாட்டார்கள். அது தெரிந்தும் 'என்னால் முடியாது' என்ற சொல் அவன் தொண்டையைத் தாண்டவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, ஆள் நடமாட்டமில்லாத மருத மரத்தடியில் போய் ஒடுங்கி உட்கார்ந்தான்.

அப்போது இக்கரையை ஒட்டியே வந்த ஓடமொன்று கரை தட்டியது. முக்காடிட்ட ஓர் உருவம் இறங்கி, கரைமேட்டில் ஏறி, பாதியில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறி, அவனருகே பொத்தென்று அமர்ந்தது.

"இந்த மேட்டுக்கே இத்தனை இளைப்பா, பெரியவரே?" என்றான் இளநாகன். பிறரைக் கேலி செய்யும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்து வெகுநாளாயிற்று.

"அமைச்சரை நீராட்டிய மகாவீரர் கேட்க வேண்டிய கேள்விதான்!"

பெண் குரல்! முக்காடு விலகியது. நிலவொளியில் வெளிறித் தெரிந்த அந்த முகம், ஆடிக்கு முன்வரை நாள்தோறும் மாடத்தில் ஏறி நின்று அவன் சங்கொலியைக் கேட்ட இளவரசி ஆரமொழியின் முகமேதான்! ஆடியிலிருந்து மௌன விரதம் பூண்டு கன்னிமாடத்தில் இருப்பதாக நாடே நம்பிக்கொண்டிருந்த ஆரமொழி!

"தேவி! தங்கள் விரதம்..."

"விரதமுமில்லை, வெண்டைக்காயுமில்லை. எனக்கும் அதே காய்ச்சல்தான். மாடப்படி ஏறமுடியாத இளவரசி என்றால் அரண்மனைக்கு அவமானமாம். விரதம் என்று அறிவித்துவிட்டார்கள். இன்று சங்கொலி அறுந்ததும் எல்லாரும் காற்று என்றார்கள். எனக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்துவிட்டது."

இளநாகன் தலை கவிழ்ந்தான். இந்தக் கோலத்தில் யார் பார்த்தாலும் பொறுத்திருப்பான். இவளா பார்க்க வேண்டும்?

"தேவி, ஆறுதல் வேண்டாம். நான் பழையபடி ஆவேனா?"

"தெரியாது. நானும் என்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

"நாளை விடியலில்?"

ஆரமொழி அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"முடியாது, இளநாகரே. பாசறையில் உம் சிற்றப்பாவும் இருக்கிறாரே, அவர் ஊதட்டும்; ஒலி கோணலாக வரும், ஆனால் அறாது. வாரும், சேனாதிபதியிடம் இருவரும் போய்ச் சொல்வோம். வழியில் இரண்டொரு இடத்தில் உட்கார வேண்டியிருக்கும். எனக்காக உட்காருவதாக நீர் சொல்லிக்கொள்ளும். உமக்காக என்று நான் சொல்லிக்கொள்கிறேன்."