நாற்பதாவது தொப்பி

செல்போன் அலறியது.

டிரில் டீச்சர் கைப்பையைத் துழாவி எடுத்தாள். திரையில் 'வீட்டுக்காரர்' என்று மின்னியது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் இதே பஸ்ஸில்தான் இருக்கிறார்! கடைசிக்கு முந்தின வரிசையில் ஜன்னலோரம். மஞ்சள் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குகிறார். காலையில் போட்ட சண்டையில் 'உன்கூட உட்காரவே மாட்டேன்' என்று முறைத்துக்கொண்டு பின்னால் போனவர். இப்போது போன் போட்டுச் சமாதானம் பேசுகிறாராக்கும்!

"என்ன... கோபம் தணிஞ்சுதா?"

பதில் இல்லை. கரகரவென்று இரைச்சல். யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

சட்டென்று துண்டிப்பு!

அவள் திரும்பிப் பார்த்தாள்.

தூங்குகிறவரின் இரண்டு கைகளும் வயிற்றின் மேல் கோத்தபடி இருந்தன.

அந்தக் கைகளில் போன் இல்லை!

'அப்படியானால்... கூப்பிட்டது யார்?'

டீச்சர் திரும்ப அழைத்தாள். சிக்னல் சுத்தமாக இல்லை. பஸ் மலைமேல் ஏறத் தொடங்கியிருந்தது. இருபுறமும் காடு. மலைக்கு அந்தப் பக்கம் ஏரி. அதில் படகு சவாரி, கரையில் சாப்பாடு, ஆட்டம் பாட்டம். ஓய்வு பெற்றோர் மன்றத்தின் வருடாந்திர உல்லாசப் பயணம். மொத்தம் நாற்பது பேர்.

மலையடிவார ஓட்டலில் காபி குடிக்க இறங்கி, மறுபடி ஏறியபோது எண்ணியவள் அவள்தான். பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை எண்ணியே தலை நரைத்தவள். முகம் பார்த்து எண்ணினால் பேச்சுக் கொடுப்பார்கள், கணக்கு தப்பும். தொப்பியைப் பார்த்து எண்ணினால் தப்பவே தப்பாது. இது அவள் கொள்கை. அதற்காகவே மன்றத்தில் எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி வாங்கிக் கொடுத்திருந்தாள்.

நாற்பது தொப்பி இருந்தது. 'புறப்படலாம்' என்று கையைக் காட்டிவிட்டாள்.

அவள் கண்கள் மெல்லக் கீழே இறங்கின. அந்தத் தொப்பிக்குக் கீழே அவரது சாம்பல் நிறக் கோட். அதற்கும் கீழே...

காலையில் அவருக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூவை மாட்டி, முடிச்சுப் போட்டுவிட்டதே அவள்தான்.

இங்கே இருந்தவை சேறு அப்பிய ரப்பர் செருப்புகள்!



டிரைவர் ரேடியோவைத் திருகினார். "...நகைக்கடை அதிபர் கொலை வழக்கில் தண்டனை பெற்ற கைதி, இன்று காலை கைவிலங்கைக் கழற்றிக்கொண்டு போலீஸ் வேனிலிருந்து தப்பி ஓட்டம்... மலையடிவாரப் பகுதியில் தேடுதல் வேட்டை... ஆயுதம் வைத்திருக்கலாம்... பொதுமக்கள்..."

"எப்பப் பாரு கொலை, கொள்ளை! பாட்டு வைப்பா!" என்று முன் சீட்டிலிருந்து குரல் கொடுத்தார் மன்றத்தின் செக்ரட்டரி.

டிரைவர் பாட்டு வைத்தார்.

டீச்சர் எழுந்தாள். கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள். அந்த ஆசாமியின் பக்கத்தில் பல் டாக்டர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டால், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

"என்னங்க..."

தொப்பி அசையவில்லை.

அவள் குனிந்தாள். கோட்டின் கைப்பகுதி கொஞ்சம் விலகியிருந்தது. மணிக்கட்டைச் சுற்றி வளையம் போல் தோல் உரிந்து... ரத்தம்!

கைவிலங்கு உரசின காயம்.

தொப்பிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தாழ்ந்த, கரடுமுரடான குரல்.

"கத்தாதே."

கோட்டுக்குள்ளிருந்து ஒரு கத்தி எட்டிப் பார்த்தது. அதன் முனை பல் டாக்டரின் விலா எலும்பைத் தொட்டது. டாக்டர் குறட்டையை நிறுத்தவில்லை.

"நீதான் அந்த ஆளோட சம்சாரமா?"

"அவர்... அவர் எங்கே?"

"என் ஆளுங்க கையில இருக்கான். மலை இறங்கினதும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லு. நான் இறங்கிப் போயிடுறேன். நீ வாயைத் திறந்தா அவன் காலி! இந்தக் கிழவனும் காலி!"



காலையில் என்ன சொன்னாள் அவரிடம்? 'உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்' என்றாள். அதுதான் கடைசியாகப் பேசிய பேச்சா? கடவுளே, அதுவா கடைசிப் பேச்சு? அவர் உயிரோடு வந்தால் போதும். இனி ஜென்மத்துக்கும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டேன் என்று அந்த இடத்திலேயே சபதம் செய்தாள்.

ஆனால் டிரில் டீச்சர் மூளை, அழும்போதுகூட வேலை செய்கிற மூளை. பொய் சொல்லி வகுப்புக்கு மட்டம் போட்ட எத்தனை பேரை விசாரித்திருக்கிறாள்!

"ஐயா... அவருக்கு நடக்க முடியாது. கைத்தடியையாவது பிடுங்காம விட்டீங்களா?"

"ம்ம்... கைத்தடி எல்லாம் பத்திரமா இருக்கு. போய் உட்காரு."

கைத்தடி!

அவள் புருஷன் கைத்தடியைத் தொட்டதே கிடையாது. இன்றைக்கும் பஸ்ஸை விரட்டிப் பிடிக்கிற ஆள்!

இவன் பொய் சொல்கிறான். ஆளும் கிடையாது, பிடித்து வைக்கவும் இல்லை.

அப்படியானால் இந்தக் கோட் எப்படி வந்தது? தொப்பி எப்படி வந்தது? உயிரோடு இருக்கிற மனுஷன் கோட்டைக் கழற்றிக் கொடுப்பானா?

அந்த நினைப்பு வந்ததும் அவள் உடம்பு ஒரு கணம் மரத்துப்போனது. அடுத்த கணம் கொதித்தது.

ஓட்டலில் நடந்தது இவன் ஒருவனுக்குத்தான் தெரியும். இவனை விட்டுவிட்டால் அவரை எங்கே போய்த் தேடுவது? மலை இறங்குவதற்குள் இவனைப் பிடித்தாக வேண்டும். பஸ்ஸில் இருப்பதோ முட்டிவலிக்காரர்களும் மூச்சிரைப்புக்காரர்களும். இவர்களை வைத்துக்கொண்டா?

வேறு ஆள் இல்லை. இவர்களை வைத்துக்கொண்டுதான்!

அவள் முன்னால் வந்தாள். மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் முழிச்சுக்குங்க! நாற்காலிப் பயிற்சி நேரம்!"

பஸ் முழுக்க முனகல்.

"டீச்சர்... இன்னைக்குமா?" செக்ரட்டரி கெஞ்சினார். "டூர்ல வந்தும் விடமாட்டீங்களா?"

"கால் மரத்துப் போயிடும் சார். ரத்த ஓட்டம் முக்கியம். எல்லாரும் ரப்பர் பட்டையை எடுங்க!"

மன்றத்தில் தினமும் செய்கிற பயிற்சிதான். அகலமான ரப்பர் பட்டையை இரண்டு கையிலும் பிடித்து இழுத்து இழுத்து விடவேண்டும். முனகிக்கொண்டே எல்லோரும் பைகளைத் திறந்தார்கள்.

ஒரு தொப்பி மட்டும் அசையவில்லை.

"அதோ பாருங்க!" செக்ரட்டரி எழுந்து நின்று கையை நீட்டினார். "டீச்சர் வீட்டுக்காரரே தூங்குறாரு! அவருக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"எழுப்புங்க அவரை!"

"முகத்துல தண்ணியைத் தெளிங்க!"

தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பின் வரிசைகளில் இரண்டு பேர் எழுந்தேவிட்டார்கள்.

முகத்தைப் பார்த்துவிட்டார்களானால் கத்தி முதலில் டாக்டரின் வயிற்றில்தான் இறங்கும்!

"யாரும் வரவேண்டாம்! எல்லாரும் உட்காருங்க!" மைதானத்துக் குரல் வெடித்தது. எல்லோரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். "என் வீட்டுக்காரரை நான் பார்த்துக்கறேன்."

அவள் பின்னால் போனாள். குனிந்து கிசுகிசுத்தாள்.

"நீ செய்யலைன்னா கிட்ட வந்து பார்ப்பாங்க. கையைத் தூக்குற மாதிரி பாவனை பண்ணு. சீக்கிரம் முடிச்சுடறேன்."

"என்னை ஏமாத்தப் பார்க்கிறியா?"

"என் புருஷன் உயிர் உன் கையில இருக்கு. நான் ஏன் ஏமாத்தப் போறேன்?" அவள் குரல் உடைந்தது. அந்த அழுகை நடிப்பில்லை.

தொப்பிக்குக் கீழே இரண்டு கண்கள் அவளை அளந்தன. கத்தி மெதுவாக மடிக்குப் போனது. கோட்டின் நுனி அதை மூடியது.

"சீக்கிரம் முடி!"

டீச்சர் அவன் சீட்டுக்குப் பின்னால், கடைசி வரிசைக்குப் போனாள். அங்கே பைகளும் குடைகளும்தான். அவற்றை ஒதுக்கிவிட்டு, நிற்க இடம் பண்ணிக்கொண்டாள்.

"எல்லாரும் கையை மேலே தூக்குங்க!"

கைகள் உயர்ந்தன. அவனுடையதும்! தப்பி ஓடினவனுக்கு அந்தக் கட்டளை நன்றாகப் பழக்கம் போலிருக்கிறது.

"இன்னும் மேலே! நல்லா மூச்சை இழுங்க... கண்ணை மூடுங்க... அப்படியே கையைத் தலைக்குப் பின்னால கொண்டு போங்க... இன்னும் பின்னால... செக்ரட்டரி சார், கண்ணை மூடச் சொன்னேன்!"

"மூடிட்டேன் டீச்சர்!"

காயம்பட்ட இரண்டு மணிக்கட்டுகளும் தலை சாய்கிற மெத்தையைத் தாண்டி, அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றன. மெத்தையைத் தாங்கி இரண்டு இரும்புக் கம்பிகள்.

அவள் கையில் ரப்பர் பட்டை.



"மூச்சை விடாதீங்க... பிடிச்சு வைங்க..."

சுற்றினாள்! ஒரு சுற்று. மணிக்கட்டோடு கம்பியையும் சேர்த்து இன்னொரு சுற்று. இழுத்தாள். முடிச்சுப் போட்டாள். மேலே இன்னொரு முடிச்சு.

"ஏய்!"

அவன் உறுமினான். உதறினான். பட்டை நீண்டது... மறுபடி சுருங்கி இன்னும் இறுகியது! காலை உதைத்தான். மடியிலிருந்த கத்தி கீழே விழுந்து, பஸ் வளைவில் திரும்பிய வேகத்தில் எதிர் சீட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. அவன் முழங்கால் டாக்டரின் தொடையில் மோதியது.

பல் டாக்டர் திடுக்கிட்டு எழுந்தார். பக்கத்தில் ஒருவன் வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருந்தான். டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கடைவாய்ப் பல்லு ரெண்டும் சொத்தை! இத்தனை நாள் எப்படிப்பா தாங்கினே?"

"டாக்டர்! அவன் கொலைகாரன்! காலைப் பிடிங்க!"

"என்ன? பாலைக் குடிக்கணுமா?"

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். நல்லவேளை, செக்ரட்டரிக்குக் காது கேட்டது. முட்டிவலிக்காரர்கள் முட்டிவலியை மறந்து ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு பட்டையாக அவன் கால்களைக் கட்டினார்கள். சந்தேகத்துக்கு இடுப்பையும் கட்டினார்கள். டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார்.

டீச்சர் அவன் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி எறிந்தாள். சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"சொல்லுடா! என் புருஷனை என்ன பண்ணே? எங்கே போட்டே அவரை?"

"நான்... நான் எதுவும் பண்ணலை!"

"பொய்!"

"சத்தியமா அந்த ஆளை நான் தொடவே இல்லைம்மா! என் ஆளுங்கன்னு சொன்னதெல்லாம் சும்மா! அவராத்தான் வந்தாரு! அவராத்தான் கோட்டைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டாரு! தொப்பியை என் தலையில வெச்சதும் அவருதான்!"

பளார்!

"இன்னொரு தடவை பொய் சொன்னே..."

சைரன் சத்தம் கேட்டது. ஒரு போலீஸ் ஜீப் வளைவில் சீறி வந்து பஸ்ஸின் குறுக்கே நின்றது. இன்ஸ்பெக்டர் குதித்தார். அவருக்குப் பின்னால்...

வெறுந்தலையும் வெள்ளை கேன்வாஸ் ஷூவுமாக...

அவர்!

டீச்சர் படியில் இறங்கவில்லை, குதித்தாள். ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு, நாற்பது வருட தாம்பத்தியத்தில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" அவருக்கும் குரல் நடுங்கியது. "ஓட்டல் டிவியில அவன் போட்டோவைப் பார்த்தேன். எனக்கு உயிரே போயிடுச்சு. உனக்குப் போன் போட்டேன், கட் ஆயிடுச்சு. ஸ்டேஷனுக்கு ஓடினேன்..."

"டிவியில பார்த்தீங்களா?" அழுகை நின்றது. "அப்போ அவன் உங்களை அடிச்சுப் போட்டுட்டு வரலையா?"

அவர் தரையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லுங்க."

"அது வந்து... பாத்ரூம் பக்கத்துல பாவமா நின்னுக்கிட்டிருந்தான். 'தம்பி, ஏரிக்கரையில சாப்பாடு, படகு சவாரி எல்லாம் உண்டு. இதைப் போட்டுக்கிட்டு என் இடத்துல போய்த் தூங்கு'ன்னு சொன்னேன். நீதான் தொப்பியை மட்டும் எண்ணுவியே..."

"எதுக்கு?"

"சாயங்காலம் ஜோடி நடனப் போட்டியில என் பேரைக் கொடுத்துட்டே! அத்தனை பேர் முன்னால நான் இடுப்பை ஆட்டணுமா? காலையிலேருந்து வேணாம் வேணாம்னு கத்தினேன், கேட்டியா?"

பஸ் ஜன்னல்களில் முப்பத்தெட்டுத் தலைகள் தொங்கின.

கொஞ்ச நேரத்துக்கு முன் செய்த சபதம், செய்த இடத்திலேயே காலாவதியாயிற்று.

"ஒரு டான்ஸுக்குப் பயந்து... கொலைகாரனை என்கிட்ட அனுப்பி வெச்சீங்களா?"

"கொலைகாரன்னு எனக்குத் தெரியாதே!"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். தொப்பியைச் சரிசெய்தாள்.

"சரி. போட்டி சாயங்காலம்தான். ஒத்திகை பார்க்க நேரம் நிறைய இருக்கு. பஸ்ல ஏறுங்க."

அவர் பஸ்ஸைப் பார்த்தார். இரண்டே எட்டில் இன்ஸ்பெக்டரிடம் போனார்.

"சார்... குற்றவாளி தப்பிக்க நான் உதவி பண்ணியிருக்கேன். பெரிய குற்றம். என்னை அரெஸ்ட் பண்ணுங்க!"

"நாளைக்கு வந்து வாக்குமூலம் கொடுத்தாப் போதும் சார்."

"வேணாம் சார்! சட்டம்னா சட்டம். இன்னைக்கே வர்றேன்!"

சொல்லி முடிப்பதற்குள் ஜீப்பின் பின்பக்கம் ஏறிவிட்டார். கைவிலங்கோடு அங்கே உட்காரவைக்கப்பட்டிருந்த கொலைகாரனை இடித்துத் தள்ளி இடம் பிடித்தார். அவன் தோளில் அன்பாகக் கை போட்டார்.

"தம்பி... உனக்கு டான்ஸ் வருமா?"

கொலைகாரன் வீறிட்டான்.

"இன்ஸ்பெக்டர் சார்! என்னை வேற வண்டியில ஏத்துங்க! இந்தத் தடவை சட்டையைக் கழட்டுறாரு சார்!"