இடது பக்கம் திரும்புங்க!

போன் அலறியது!

லாரிக்காரருக்கு ஒரு கை ஸ்டீயரிங்கில். இன்னொரு கை கியர் கம்பியில். மூன்றாவது கை இல்லாத குறையை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் தீர்த்து வைத்தார். போனை எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்தார்.

மனைவியின் நம்பர். ஆனால் குரல் ஒரு ஆணின் குரல்.

"உன் பெண்டாட்டி என்கிட்ட இருக்கா."

"யாருங்க நீங்க?"

"கத்தி வெச்சிருக்கிறவன். உனக்கு அது தெரிஞ்சா போதும். நாலு நாள் முன்னாடி ஒரு சாம்பல் கலர் கார் உங்க யார்டுக்கு வந்துச்சே... அது எங்கே?"

லாரிக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். கதவுகள், ஹெட்லைட்டுகள், இரண்டு இன்ஜின்கள். எல்லாம் பழைய கார்களை உடைத்து எடுத்தவை. இவற்றுக்காகப் பக்கத்து ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் காத்துக்கொண்டிருந்தார். குவியலின் உச்சியில் அந்தச் சாம்பல் நிறக் காரின் சக்கரத்தை மூடும் மட்காட்.

"லாரியிலதான் சார் இருக்கு. பிரிச்சாச்சு."

"நசுக்கி உருக்கத்தானே குடுத்தேன்?"

"முன் மட்காட்ல ஒரு சின்ன ஒடுக்கு, அவ்வளவுதான். தட்டி எடுத்தா புதுசு. அதைப் போய் யாராவது உருக்குவாங்களா சார்?"

உயிர் போகிற நேரத்திலும் தொழில் பேசியது!

"அந்த ஒடுக்குல சிவப்பு பெயின்ட் பார்த்தியா?"



லாரிக்காரர் பார்த்திருந்தார். முதலில் பார்த்தவள் மனைவிதான். 'என்னங்க, இது வேற வண்டியோட பெயின்ட்...' போன வாரம் பைபாஸ் ரோட்டில் ஒரு கார் சிவப்பு ஸ்கூட்டரை அடித்துத் தூக்கிவிட்டு நிற்காமல் பறந்திருந்தது. ஸ்கூட்டரில் போன தபால்காரர் அந்த இடத்திலேயே இறந்து போனார். எந்தக் கார் என்று தெரியாமல் போலீஸ் அலைந்துகொண்டிருந்தது.

'நமக்கெதுக்கு வம்பு' என்று அவள் வாயை அடைத்தவர் இவர்தான். இப்போது வம்பு அவள் கழுத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"ரெண்டரை மணிக்குள்ள அந்த மட்காட் இங்கே வரணும். போலீஸ்னு ஒரு வார்த்தை உன் வாயில வந்துச்சு... அவ இல்லே! இந்த ஏரியா எனக்குப் புதுசு. வழியை அவளே சொல்லுவா. இந்தா, பேசு!"

"என்னங்க..." மனைவியின் குரல்.

"உனக்கு ஒண்ணும் ஆகலியேம்மா?"

"ஒண்ணும் ஆகல. பதறாம கேளுங்க. நம்ம ரெண்டாவது யார்டுலதான் இருக்கோம்."

"ரெண்டாவது..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர்களுக்கு இருந்ததே ஒரே ஒரு யார்டு! அதுவும் வாடகைக்கு!

"தண்ணித் தொட்டி முக்குல இடது பக்கம் திரும்புங்க. தெரியுதா? இடது பக்கம்!"

போன் செத்தது.

மச்சானுக்கு முகமெல்லாம் வியர்வை. அவள் கூடப் பிறந்த அண்ணன் அவர். "மாப்ளே, மணி ஒண்ணே முக்கால்! தண்ணித் தொட்டி இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்! அழுத்துங்க மாப்ளே!"

"இதுக்கு மேல அழுத்தினா என் கால்தான் ரோட்டுல படும் மச்சான்!"

உண்மைதான். லாரிக்குப் பெயர் மகாராணி. லாரிக்காரரைவிட ஒன்பது வயது மூத்தவள். முப்பத்தைந்தைத் தாண்டி ஓடினால் மூச்சு வாங்குவாள். ரிவர்ஸ் கியர் போய் இரண்டு வருடம். செல்ஃப் மோட்டார் போய் மூன்று வருடம்... ஒருமுறை ஆஃப் செய்தால் நாலு பேர் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ஆஃப் செய்யும்போது சைலன்சரில் ஒரு வெடி வெடிப்பாள் பாருங்கள்! தெருவில் இருப்பவர்கள் தரையில் படுத்துவிடுவார்கள்.

ஒன்பது கிலோமீட்டர் போனதும்...

ரயில்வே கேட்! மூடியிருந்தது!

"ஐயோ..." என்றார் மச்சான்.

மணி இரண்டு. கேட்டுக்கு முன்னால் மகாராணி குலுங்கிக்கொண்டு நின்றாள். அணைக்கவும் முடியாது. பின்னால் எடுக்கவும் முடியாது. லாரிக்காரர் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். அதைப் பிடித்திருப்பதைத் தவிர அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

அப்போதுதான் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். ஜன்னலில் தலையை நுழைத்தார்.

"நீதானே அந்த வெடி லாரி? போன மாசம் ஸ்டேஷன் வாசல்ல ஆஃப் பண்ணினியே... எங்க இன்ஸ்பெக்டர் கையிலிருந்த டீ முழுக்க சட்டையில! இன்னும் உன் மேல கடுப்புல இருக்கார்."

"சாரி சார்..."

"ஏன்யா ரெண்டு பேர் முகமும் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? ஏதாவது பிரச்சினையா?"

ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்! லாரிக்காரரின் உதடுகள் பிரிந்தன. கழுத்து ஒன்று கண்ணுக்குள் வந்தது. தாலிக் கயிறு பட்டுப் பட்டுக் கறுத்துப்போன கழுத்து.

"வயிறு சரியில்ல சார்."

"ரெண்டு பேருக்குமேவா?"

"ஒரே கடையில சாப்பிட்டோம் சார்" என்றார் மச்சான்.

கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். ரயில் அதன்பிறகு ஏழு நிமிடம் கழித்துத்தான் வந்தது. சரக்கு ரயில். ஐம்பத்திரண்டு பெட்டிகள். லாரிக்காரர் ஒவ்வொன்றாக எண்ணினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

கேட் திறந்தது.

மணி இரண்டு இருபத்தாறு. தண்ணித் தொட்டி தெரிந்தது.

ரோடு அங்கே இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம், மூடிக் கிடக்கும் ஓட்டுத் தொழிற்சாலை. ஈ காக்கை கிடையாது. வலது பக்கம்... போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் மைதானம். கேஸில் பிடித்த வண்டிகளைப் போட்டு வைக்கும் இடம்.

"இடது பக்கம் மாப்ளே!"

"மச்சான்... அவ இடதுன்னா அது வலது. வலதுன்னா அது இடது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பார்க்கிறேனே!"

"பைத்தியமா உங்களுக்கு? கடத்தினவன் போய் போலீஸ் இடத்துலயா உட்கார்ந்திருப்பான்? என் தங்கச்சியைப் பத்தி எனக்குத் தெரியாதா? இடதுன்னா இடதுதான்!"

"எங்களுக்கு ரெண்டாவது யார்டே கிடையாதே மச்சான்!"

"பயத்துல உளறியிருப்பா! திருப்புங்க!"

மச்சான் சொல்வதுதான் நியாயம். அறிவு இடது என்றது. மணி இரண்டு இருபத்தெட்டு என்றது. தப்பாகத் திரும்பிவிட்டால் பின்னால் எடுக்க ரிவர்ஸ் இல்லை. அவளும் இல்லை.

முக்கு வந்தது.

கை... தானாக வலது பக்கம் ஒடித்தது!

"அடப்பாவி!" மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "என் தங்கச்சியைக் கொன்னுட்டீங்களே!"

ஏன் திருப்பினோம் என்று லாரிக்காரருக்கே தெரியவில்லை. பதினொரு வருடமாக அவள் ஒரு பக்கம் சொல்ல, அந்தக் கை மறுபக்கம் திரும்பியே பழகியிருந்தது. ஓவென்று வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

இடிந்த காம்பவுண்டு சுவர். பின்பக்கம் என்பதால் போர்டு கிடையாது. சுவரின் இடைவெளி வழியாக மகாராணி உள்ளே நுழைந்தாள். வரிசை வரிசையாக நசுங்கிய கார்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயின்ட்டில் நம்பர்.

ஒரு பச்சை வேனின் பின்னாலிருந்து...

மனைவி வந்தாள்!

அவளுக்குப் பின்னால் ஒரு கோட் ஆசாமி. அவள் கழுத்தில் கத்தி.

"கரெக்ட் டைம்" என்றான் கோட். "எங்கே மட்காட்?"

"மேலேயே இருக்கு... எடுத்துக்குங்க... அவளை விட்டுடுங்க சார்!"

"என்னது? ஒண்ணும் கேட்கல! முதல்ல அந்த டப்பா இன்ஜினை ஆஃப் பண்ணு!"

அணைத்தால் மகாராணி கிளம்ப மாட்டாள். ஓடித் தப்பிக்கக்கூட வழியிருக்காது. லாரிக்காரர் மனைவியைப் பார்த்தார்.

அவள் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள்.

"அவர்தான் சொல்றாரே... ஆஃப் பண்ணுங்க."

சாவியைத் திருப்பினார்.

டமார்!!!

பச்சை வேனிலிருந்து காக்கைகள் பறந்தன. கோட் ஆசாமி ஒரு அடி துள்ளினான். மச்சான் லாரிக்குள்ளேயே படுத்துவிட்டார். அந்தச் சத்தத்துக்கு அதிராதவள் அங்கே ஒருத்திதான். கத்தி விலகிய அரை வினாடியில் முழங்கையால் அவன் வயிற்றில் ஒரு இடி இடித்துவிட்டு, குனிந்து, உருண்டு, லாரிச் சக்கரத்தின் பின்னால் போய்விட்டாள்.

"எவன்டா சுட்டது?"

ஸ்டேஷன் பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. இன்ஸ்பெக்டர்! கையில் துப்பாக்கி. சட்டையில் டீ. பின்னால் ஐந்து போலீஸ்காரர்கள்.

கோட் ஆசாமியின் கத்தி தானாகக் கீழே விழுந்தது.

"சார்... போலீஸ் எப்படி சார் இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?"

"நாங்க எங்கேடா வந்தோம்? நீதான் வந்திருக்கே. இதை யார் இடம்னு நினைச்சே?"

"இவங்களோட ரெண்டாவது யார்டுன்னு... வண்டியில எல்லாம் ஸ்டாக் நம்பர் போட்டிருந்துச்சு..."

"கேஸ் நம்பர்டா அது!"

விலங்கு மாட்டினார்கள். சிவப்பு பெயின்ட் ஒட்டிய மட்காட்டை நான்கு பேர் பூ மாதிரி இறக்கினார்கள். அதிலும் வெள்ளை பெயின்ட்டில் ஒரு நம்பர் ஏறியது.

லாரிக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"அன்னைக்கே நீ சொன்னதைக் கேட்டிருந்தா..."

"அது தனியா வீட்டுல பேசிக்கலாம்."

"சரி... ஆனா ஏம்மா இடதுன்னு சொன்னே? நான் மட்டும் இடது பக்கம் போயிருந்தா..."

"அவன் பின்சந்து வழியா வந்தவன். இடது எது, வலது எதுன்னு அவனுக்குத் தெரியாது. எனக்கு நல்லாவே தெரியும்."

"அப்புறம்?"

மனைவி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினொரு வருஷத்துல, நான் சொன்ன பக்கம் ஒரு தடவையாவது நீங்க திரும்பியிருக்கீங்களா?"