வேலிக்கு இந்தப் பக்கம்

கயிறு சூடாக இருந்தது. நவம்பர்க் குளிரில், கம்பி வேலிக்கு அடியால் பற்றைக்குள் போய்க்கிடந்த நைலோன் கயிறு, இக்னேசியஸின் உள்ளங்கையில் இளஞ்சூடாக, பிசுபிசுவென்று இருந்தது.

பிறம்ரன் வெயர்ஹவுசில் இவனோடு வேலை செய்யும் குலசிங்கத்தார்தான் ரொறன்ரோவிலிருந்து வடக்கே வேட்டைக்குக் கூட்டிவந்தவர். அவர் சுட்ட மானுக்கு அரசாங்கக் காட்டில்தான் வெடி பட்டது. சாகிற சீவன் எல்லை பார்க்குமா? ஒரே பாய்ச்சலில் வேலி தாண்டி ஆரோ ஒருவனின் காணிக்குள் போய் விழுந்தது. வீட்டுக்காரனைக் கேட்டுவிட்டு எடுப்போம் என்று இக்னேசியஸ் சொல்லிப் பார்த்தான். கேட்டால் பொலிசைக் கூப்பிடுவான் என்று மனுசன் ஒற்றைக் காலில் நின்றார். கத்தியோடும் கயிற்றின் ஒரு நுனியோடும் உள்ளே போய்விட்டார். அவர் மானைக் கட்டிக் குரல் கொடுத்ததும் இவன் இழுக்க வேண்டும்.

இவன் அந்தப் பக்கம் கால் வைக்கமாட்டான். கொழும்பில் காத்திருக்கும் மனைவி கிளடிசைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் பைல் முடிகிற கட்டம். இப்போது ஒரு பொலிஸ் கேஸ் விழுந்தால் நாலு வருசப் பாடும் பாழ்.

பொழுது மங்கியது. மரங்களுக்குள் தோல் கிழிகிற சத்தம், பிறகு ஈரமாக எதையோ உருவி நிலத்தில் கொட்டுகிற சத்தம். பின்னாலேயே நாற்றம் வந்தது. மன்னாரில் ஆடு அடிக்கிற இடங்களில் நின்று பழகிய மூக்குத்தான், இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குடல் நாற்றத்தோடு புளித்த சோறும் மீன்குழம்பும் கலந்திருந்தன. மத்தியானம் காருக்குள் இருவரும் சாப்பிட்ட அதே மீன்குழம்பு. மனுசன் சத்தி எடுத்துவிட்டார் போல என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

"அண்ணை?"

"கட்டியாச்சு. இழு தம்பி."

குலசிங்கத்தாரின் குரல்தான். இழுத்தான். நல்ல பாரம். சருகு உரசியது. எங்கோ சிக்கியது. உள்ளிருந்து யாரோ தூக்கிவிட்டதுபோல் மறுபடி வந்தது. கயிற்றோடு வந்த கொழுப்பு விரல்களுக்கிடையில் வழுக்கியது. சீ. விட்டுவிட்டு ஓடலாம். கார்ச்சாவி அவரிடம்.

வேலிக்கடியில் முதலில் வந்தவை இரண்டு குதிகால்கள். மானைக் கட்டுகிற மாதிரியே நரம்புக்கும் எலும்புக்கும் இடையில் துளைத்துக் கயிறு கோத்திருந்தது. பிறகு செம்மஞ்சள் ஜக்கெற். நெஞ்சிலிருந்து அடிவயிறுவரை ஒரே நேராகத் திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி. கடைசியாக முகம். குலசிங்கத்தார்.

கயிறு இன்னும் இக்னேசியஸின் கையில் இருந்தது.

மரங்களுக்குள்ளிருந்து குலசிங்கத்தாரின் குரல், வேலிக்கு இந்தப் பக்கம் வர மரியாதையாக அனுமதி கேட்டது.

"தம்பி, உங்கால வரலாமே?"

கம்பியின்மேல் ஒரு குளம்பு ஏறியது. அதன் பிளவுக்குள் கத்தி இறுகியிருந்தது.