நேரில் பார்த்தேன்

நர்ஸம்மா கடைசி வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சுவரோர நிழலில் நின்று முகத்தைத் துடைத்தபடி, வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பொய்யை இன்னொரு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஏழு மாதமாக எட்டிக்கூடப் பார்க்காதவள் ஏதாவது சாக்குச் சொல்லியாக வேண்டுமே.

அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நான்கு நர்சுகள் பார்த்துவந்த எட்டு ஊர்களையும் சுகாதார இலாகா அவள் ஒருத்தி தலையில் கட்டியிருந்தது. மற்ற மூன்று பேர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த நாற்காலிகளில் தூசிதான் உட்கார்ந்திருந்தது. இருந்த ஒரே வண்டியும் பழுது பார்க்கப் போனது போனதுதான். ஆனால் மாதம் பிறந்தால் அறிக்கை மட்டும் நூற்றுக்கு நூறு வரவேண்டும். முழங்கால் தேய்ந்தவள் என்ன செய்வாள்? ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த இந்த ஊருக்கு மட்டும், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே போய்வரத் தொடங்கினாள். 'நேரில் பார்த்தேன். இரத்த அழுத்தம் 110/70. வீக்கம் இல்லை. தாயும் சேயும் நலம்.' மாதாமாதம் பதிவேட்டில் அதே வரிகள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இலாகா அதை வைத்துத்தான் விருந்தே நடத்திக்கொண்டிருந்தது.

இன்றைக்கு வந்ததுகூடப் பயத்தால்தான். இந்த வீட்டுப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம், இன்னும் பத்தே நாள்.

மாமியார்க்காரி கதவைத் திறந்தாள்.

"வாங்க நர்ஸம்மா. என்ன, நேத்து வந்தவங்க இன்னைக்கும் வந்து நிக்கிறீங்க?"

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் நர்ஸம்மா நினைத்தாள். அசடு வழியச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அறையில் மக்கிப்போன காகித வாடை அடித்தது. சுகாதார நிலையத்தில் பதிவேடுகள் இருக்கும் அலமாரியைத் திறந்தால் வருமே, அதே வாடை.

கட்டிலில் கிடந்த பெண்ணைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. முகம் ஊதி, கண்கள் இரண்டு கீறல்களாக இருந்தன. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

"தலை வெடிக்குது சிஸ்டர். கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது."

நர்ஸம்மா அவள் இடக்கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். 180/120. தப்பாக இருக்கும் என்று மறுபடி அடித்தாள். தப்பில்லை.

"உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். விட்டா ஜன்னி வந்துடும்மா. ரெண்டு உயிரும் போயிடும்."

மாமியார்க்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்ன கூத்து? கால் வீங்குதேன்னு ரெண்டு தரம் வண்டி பிடிச்சோம். அப்பல்லாம் வந்து, பட்டையைச் சுத்திப் பார்த்து, வீக்கம் இல்லைன்னு சொன்னது நீங்கதானே?"

"நான் வரவே இல்லம்மா."

சொல்லிவிட்டாள். அவமானம் பிடுங்கித் தின்றது.

"ஏழு மாசமா இந்த ஊர்ப் பக்கமே வரல. எல்லாத்தையும் பொய்யா எழுதினேன்."

மாமியார்க்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"அப்ப வந்தது யாரு? உங்க முகம். உங்க குரல். தண்ணி குடுத்தா தொட மாட்டீங்க. எது கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வீங்க..."

"அவங்க கை ஜில்லுன்னு இருக்கும்," என்றாள் கட்டிலில் கிடந்தவள், யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல மெதுவாக.

நர்ஸம்மாவுக்குப் பயப்பட இப்போது நேரமில்லை. வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது, மேட்டுக்குத்தான் போகவேண்டும். பட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வலிக்கும் முழங்காலைச் சபித்தபடி ஓடினாள். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். கெஞ்சினாள். முக்கால் மணி என்றால் முக்கால் மணிதானாம்.

திரும்பி வந்தபோது மாமியார்க்காரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அறைக்கதவு சாத்தியிருந்தது.

"அவளைத் தனியா விட்டுட்டு ஏம்மா இங்க உக்காந்திருக்கீங்க?"

மாமியார்க்காரியின் முகம் வெளுத்தது.

"நீங்கதானே இப்ப உள்ள போனீங்க?"

கதவுக்குப் பின்னால் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

புஸ். புஸ். புஸ்.

நர்ஸம்மாவின் பட்டை அவள் தோள்பையில் இருந்தது.

பிறகு அவள் குரலே கேட்டது. யாரும் பேசுகிற பேச்சாக இல்லை. எழுதியதை எழுதியபடி ஒப்பிக்கிற குரல்.

"வீக்கம் இல்லை. தாயும் சேயும் நலம்."

கட்டில் கால்கள் தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டன. இரண்டு பேரும் கதவில் மோதினார்கள். மாமியார்க்காரி மருமகள் பெயரைச் சொல்லிக் கதறினாள். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தபோது சத்தம் அடங்கிவிட்டது.

உள்ளே வேறு யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. ஜன்னி இரண்டு உயிரையும் கொண்டுபோயிருந்தது. நர்ஸம்மா அளந்தது இடக்கையில். பட்டை அழுந்திய தடம் அந்தப் பெண்ணின் வலக்கையில் சிவந்திருந்தது.

விசாரணை பத்து நிமிஷத்தில் முடிந்தது. வட்டாரச் சுகாதார அதிகாரி பதிவேட்டைப் புரட்டித் திருப்தியாகத் தலையாட்டினார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா."

"நான் போகல சார். எழுதினது பூரா பொய். என்னைத் தண்டிங்க."

"அந்த மாமியாரே நீங்க மாசாமாசம் வந்தீங்கன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதிர்ச்சியில பேசறீங்க, ரெண்டு நாள் லீவு எடுங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்வதுண்டு. இங்கே பழி எங்கேயும் போகவில்லை. கோப்புக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள். நர்ஸம்மா எழுந்தாள். இனிமேல் முழங்கால் உடைந்தாலும் எல்லா வீட்டுக்கும் நடந்தே போவது என்று வரும்போதே முடிவு செய்திருந்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் அதிகாரி. "மலைக்குப் பின்னால இருக்கிற மூணு ஊரையும் உங்ககிட்டயே குடுக்கிறோம். ஆர்டர் இன்னைக்குத்தான் போட்டேன். நீங்க அதுக்கு முன்னாடியே வேலையை ஆரம்பிச்சுட்டீங்க போல. போன வாரம் வீடு வீடாப் போனீங்களாமே? ஜனங்க போன் பண்ணிச் சொன்னாங்க."

நர்ஸம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மலைக்குப் பின்னால் அவள் பிறந்ததிலிருந்து போனதில்லை.

"அங்க கர்ப்பிணிங்க எத்தனை பேர் சார்?"

"பதினாலு." அவர் சிரித்தார். "எல்லாருமே நலம்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க, என்னைக் கேக்கறீங்களே?"